மலையில் ஸ்ட்ரோக்: டிஸ்பென்சரியில் எதைப் பார்ப்பது, எதை எழுதி அனுப்புவது?

#1 தோட்ட_சிஸ்டர்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் டிஸ்பென்சரி பார்க்கும் செவிலியர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், டார்ச், ஒரு கட்டில், எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். "கை கால் விழுந்துருச்சு சிஸ்டர்", "வாய் கோணிக்கிச்சு", "காத்து அடிச்சிருச்சு" என்று ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி மூன்று. ஸ்ட்ரோக் என்று எதை வைத்துச் சந்தேகப்படுவது? வண்டி வருவதற்குள் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? ஊட்டிக்கு ஏற்றுவதா, கோவைக்கு இறக்குவதா? புத்தகத்தில் இருப்பது தெரியும். இந்தக் குளிரிலும் இந்த ரோட்டிலும் அதை எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

#2 அவசரப்பிரிவு_டாக்டர்

சிஸ்டர், ஸ்ட்ரோக் என்றால் மூளையின் ரத்தக்குழாய் அடைப்பது, இல்லாவிட்டால் உடைந்து கசிவது. உறுதி சி.டி. (தலை ஸ்கேன்) எடுத்த பிறகுதான் வரும். டிஸ்பென்சரியில் சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடப் போதுமான காரணம். பெரிய ரத்தக்குழாய் அடைத்த மூளையில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்பது கணக்கு. அதனால் முதலில் போன், அப்புறம் சோதனை.

முகம். "பல்லைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். பல் இல்லாத பாட்டியாக இருந்தால் மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். வாயில் வெற்றிலையோ புகையிலையோ அடக்கியிருந்தால் துணி சுற்றிய விரலால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு குழறுவது அதனாலா, மூளையாலா என்று தெரியாது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கவும் செய்யும்.

கை. ஸ்வெட்டர், சால்வை, கம்பளி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேல் பார்க்க, கண்ணை மூடச் சொல்லி 10 வரை எண்ணுங்கள். லேசான பலவீனத்தில் கை தொப்பென்று விழாது. உள்ளங்கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பும், பிறகு கை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கும். சால்வைக்குள் இது கண்ணுக்கே படாது. காலுக்குப் படுக்க வைத்து 30 டிகிரி தூக்கச் சொல்லி 5 எண்ணுங்கள்.

பேச்சு. குழறுகிறதா, வார்த்தை வராமல் தடுமாறுகிறதா, சரளமாகப் பேசியும் அர்த்தமில்லாமல் பேசுகிறாரா என்று மூன்றையும் தனித்தனியே கவனியுங்கள். மூன்றாவதை வீட்டார் "புத்தி பேதலிச்சிருச்சு" என்று சொல்லிக் கூட்டிவருவார்கள். அது மொழிப் பகுதியில் அடைப்பாக இருக்கலாம்.

இதோடு கண்ணும் நடையும். திடீரென்று ஒரு பக்கப் பார்வை போவது, பொருள் இரண்டாகத் தெரிவது, இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்பது, நிற்கவோ உட்காரவோ முடியாமல் சாய்வது. இவை எல்லாமே ஸ்ட்ரோக் அறிகுறிகள்தான்.

சர்க்கரையைப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். 60-க்குக் கீழே போனால் அச்சு அசலாக ஸ்ட்ரோக் மாதிரியே ஒரு பக்கம் விழும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கை தூக்க ஆரம்பித்தால் அது சர்க்கரைதான். சர்க்கரை குறைவு இல்லாதவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் போடாதீர்கள், மூளைக்குக் கெடுதல். நார்மல் சலைன் போதும்.

#3 மலைப்பாதை_108

குளிர் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான குளுக்கோமீட்டர்களும் ஸ்ட்ரிப்பும் 10 டிகிரிக்கு மேல் வேலை செய்யும்படி தயாரானவை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் வண்டிக்குள் வைத்த மீட்டர் 'எரர்' காட்டும். தவறான அளவு காட்டினால் அது இன்னும் ஆபத்து. மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடியைத் திறந்து போடாதீர்கள், மூடுபனி ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். ஐஸ் போன்ற விரலில் மாட்டினால் 85 என்று பயமுறுத்தும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அலை சீராக வந்த பிறகு எழுதுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல். இந்த உயரத்தில் நல்ல ஆளுக்கே ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டும். 94-க்குக் கீழே போனால்தான் ஆக்சிஜன்.

அடுத்தது நேரம். "எப்போ விழுந்தார்?" என்று கேட்டால் "இப்பத்தான்" என்பார்கள். அது அவர்கள் பார்த்த நேரம். வேண்டியது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. மஸ்டருக்கு (காலை வருகைப் பதிவுக்கு) வந்தாரா, இலை எடை போடும்போது பேசினாரா, பால் ஊற்றப் போனாரா, கடைசியாக யாருக்குப் போன் பண்ணினார் என்று கேளுங்கள். போனில் அழைப்பு நேரம் நிமிடத்தோடு பதிவாகியிருக்கும். தூங்கி எழும்போதே விழுந்திருந்தால் படுத்த நேரம்தான் கணக்கு. நடுராத்திரி எழுந்து வெளியே போய்வந்தார் என்றால் அந்த நேரம். அதைப் பார்த்த ஆள் வண்டியில் கூட வர வேண்டும்.

இன்னொன்று. ஆம்புலன்சில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். மலையிறங்கும்போது வண்டி முன்பக்கம் சாய்வதால் தலை காலைவிடத் தாழ்ந்துவிடும். வாந்தி எடுக்கும் ஆளுக்கு இது கெடுதல். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கொண்டை ஊசி வளைவில் உடம்பு உருளாமல் இரண்டு பட்டையும் போடுங்கள். விழுந்த கை பட்டைக்கு வெளியே தொங்கித் தோள்பட்டை இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

#4 கொடை_கிளினிக்

கொடைக்கானலிலும் பழனி மலைப் பக்கத்திலும் அதிகம் தவறிப்போவது தலைச்சுற்றல் கேஸ். வத்தலக்குண்டில் இருந்து வளைவு வளைவாக ஏறிவந்த சுற்றுலாப் பயணி வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கினால் எல்லாருமே "ரோடு ஒத்துக்கல" என்கிறார்கள். ஒரு வாந்தி ஊசி போட்டு லாட்ஜுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் சிலருக்குச் சிறுமூளையில் அடைப்பு இருக்கும். இரண்டு, மூன்று நாளில் அது வீங்கி மூளைத்தண்டை நெருக்கும்போதுதான் நினைவு தப்பும்.

ரோடு ஒத்துக்கொள்ளாதது வண்டி நின்றபின் படிப்படியாகக் குறையும். இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும் அதே வேகத்தில் சுற்றினால் சந்தேகப்படுங்கள். கட்டிலில் உட்கார வைத்து இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் காது கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். பிடித்து நிறுத்தி நாலடி நடக்க வைத்துப் பார்க்காமல் எந்தத் தலைச்சுற்றலையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

குளிர்கால ராத்திரியில் இன்னொரு மாறுவேஷம் உண்டு. அறையைப் பூட்டி உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் குழறிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு கிடப்பார்கள். அது கார்பன் மோனாக்சைடு. ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் ஸ்ட்ரோக்கை விட்டுவிட்டு அடுப்பைத் தேடுங்கள். ஆக்சிமீட்டர் 98 காட்டும், அதை நம்பக் கூடாது. கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவந்து முழு அளவு ஆக்சிஜன்.

#5 நரம்பியல்_கோவை

கொடை டாக்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சுற்றல் நிற்காமல் இருந்து, கண்மணியும் துள்ளும் நோயாளிக்கு, பழகிய டாக்டர் படுக்கையருகே மூன்று சோதனை செய்யலாம். தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் இலக்கிலேயே நின்றால் (அதாவது சோதனை நார்மலாக இருந்தால்) மூளைப் பக்கம் சந்தேகம். தவறிப்போய்த் திரும்ப எகிறி வந்தால் காதுப் பக்கம். வலம் பார்க்கும்போது வலமும் இடம் பார்க்கும்போது இடமும் என்று துள்ளல் திசை மாறினால் மூளை. ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றித் திறக்கும்போது கண் மேலும் கீழுமாக நகர்ந்தால் மூளை. முதல் சோதனையில் 'நார்மல்' என்பதே கெட்ட செய்தி என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சுற்றல் நின்றுபோன ஆளிடம் இதைச் செய்தால் அர்த்தமே இல்லை.

வாய் கோணலுக்கு நெற்றியைப் பாருங்கள். புருவத்தை உயர்த்தச் சொன்னால் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் மூளை. நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல், கை காலும் பேச்சும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் முகவாதம்தான், அதாவது முக நரம்பின் கோளாறு, மூளையின் கோளாறு அல்ல. குளிர்காற்றில் பைக்கில் வந்தார் என்ற கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள், நெற்றியை வைத்து முடிவு செய்யுங்கள். அப்போதும் கூடவே பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ அனுப்பிவிடுங்கள்.

வலிப்பு வந்தவருக்கு அதற்குப் பின் சில மணி நேரம் ஒரு கை தூக்க முடியாமல் இருக்கலாம். பிரசவமாகி ஒரு மாதத்துக்குள் இருக்கும் பெண்ணுக்குக் கடும் தலைவலி, வலிப்பு, பிறகு ஒரு பக்கப் பலவீனம் என்றால் மூளையின் சிரைக்குழாயில் உறைவு இருக்கலாம். சாதா சி.டி. நார்மலாக வந்தாலும் சிரைகளுக்கான வீனோகிராம் கேட்டுச் செய்ய வேண்டும்.

கண்மணி இரண்டும் ஊசிமுனை போலச் சுருங்கி மயங்கிக் கிடந்தால் மூளைத்தண்டு ரத்தக்கசிவும் வரும், கேரட், உருளைத் தோட்டத்துப் பூச்சிமருந்தும் வரும். எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டி, நெஞ்சில் சளி கரகரவென்றால் துணியை முகர்ந்து பாருங்கள், அது மருந்து.

#6 பந்தலூர்_களப்பணி

கூடலூர், பந்தலூர் பக்கம் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

குழந்தைக்கு ஸ்ட்ரோக் வராது என்று யாரும் நினைக்காதீர்கள். அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) மரபணு இந்தியாவில் உண்டு என்று 1952-ல் முதன்முதலாக லேமனும் கட்புஷும் எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களைப் பரிசோதித்துத்தான். பணியர், குறும்பர், இருளர் பாடிகளில் (குடியிருப்புகளில்) ஆறு வயசுப் பிள்ளை திடீரென்று ஒரு காலை இழுத்து நடந்தால், இடது கையில் சோறு எடுத்தால், அரிவாள் செல் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு, குழாயை அடைத்த ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி வழியல்ல. ரத்தத்தை மாற்றி ஏற்றி அரிவாள் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ரத்தவங்கி உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். 2 வயதிலிருந்து 16 வரை ஆண்டுதோறும் தலை டாப்ளர் (ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் ஸ்கேன்) பார்த்து, ரத்த வேகம் விநாடிக்கு 200 செ.மீ. தாண்டும் பிள்ளைகளை முன்கூட்டியே பிடிக்கலாம் என்பதால், இது தடுக்கக்கூடிய ஸ்ட்ரோக்.

அடுத்தது மொழி. தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் மொழி, வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகளின் மொழிகள் எல்லாம் இங்கே உண்டு. தமிழில் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் பேச்சு போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். கண்ணை மூடித் திறப்பதையும் கையை மடக்கி விரிப்பதையும் நீங்கள் செய்து காட்டி, செய்யச் சொல்லுங்கள். பேச்சைச் சோதிக்க நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொந்தக்காரரை விட்டு அவர்கள் மொழியில் சொல்ல வையுங்கள். "நேத்துப் பேசின மாதிரியே பேசுறாரா?" என்று அவரிடம் கேட்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

தாழ்வான பகுதியில் விடிகாலையில் இரண்டு இமையும் தொங்கி, விழுங்க முடியாமல் குழறினால் கட்டுவிரியனை நினையுங்கள். கடித்த தடம் தெரியாது. ஸ்ட்ரோக் ஒரு பக்கம் அடிக்கும், பாம்பு விஷம் இரண்டு பக்கமும் ஒன்றாக இறக்கும்.

#7 சி.டி_அறை

சி.டி. மேசையிலிருந்து சொல்கிறேன். முதல் சி.டி. எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. அடைப்பு ஆரம்ப மணிகளில் படத்தில் தெரியாமலே போகலாம். "சி.டி. நார்மல், ஸ்ட்ரோக் இல்லை" என்று டிஸ்சார்ஜ் எழுதுவதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய பிழை. சிறுமூளை, மூளைத்தண்டு பகுதியில் எலும்பின் கோடுகள் விழுவதால் சி.டி. இன்னும் பலவீனம். அங்கே டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. (புது அடைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) வேண்டும், அதிலும் மூளைத்தண்டின் சின்ன அடைப்பு முதல் நாளில் தப்பிப் போவதுண்டு.

படத்தைச் சாதாரண விண்டோவில் (திரையில் கறுப்பு வெள்ளையைக் காட்டும் அளவு) மட்டும் பார்க்காதீர்கள். அகலம் 40, மட்டம் 40 என்று குறுக்கினால் சாம்பல், வெள்ளைப் பகுதிகளின் எல்லை மங்குவது, இன்சுலாவின் (மூளையின் பக்க மடிப்புக்குள் இருக்கும் பகுதி) பட்டை அழிந்துபோவது, நடு மூளைத் தமனி வெள்ளைக் கோடாக நிற்பது எல்லாம் வெளியே வரும். ஆஸ்பெக்ட்ஸ் (அடைப்பால் மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சி.டி.யில் போடும் மதிப்பெண்) 10-ல் எத்தனை என்று எழுதுங்கள்.

புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும் என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கடும் ரத்தசோகை உள்ளவருக்குப் புது ரத்தம் மூளையின் நிறத்திலேயே கலந்துவிடலாம். ஹீமோகுளோபின் எத்தனை என்று தெரியாமல் படம் வாசிக்கக் கூடாது. அடிமூளை முடிச்சில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் சுண்ணாம்பு. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு (சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் எண்) 100 தாண்டினால் அது ரத்தமல்ல.

தயவுசெய்து பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்து கோவைக்கு அனுப்பாதீர்கள். கன்சோல் திரையில் மேலிருந்து கீழ் வரை மெதுவாக உருட்டி வீடியோ எடுத்தாலாவது பயன். டைகாம் கோப்பு (ஸ்கேனின் அசல் டிஜிட்டல் கோப்பு) அனுப்ப முடிந்தால் அதுவே சரி.

#8 கோத்தகிரி_பார்மா

ஒரு சந்தேகம். மாரடைப்புக்குக் கொடுப்பது போல ஆஸ்பிரின் 300 கொடுத்து அனுப்பினால் என்ன? பி.பி. 200/110 இருந்தால் நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி ஊற்றுகிறார்களே, அது சரியா?

#9 அவசரப்பிரிவு_டாக்டர்

இரண்டும் வேண்டாம். அடைப்பா கசிவா என்று கையால் தொட்டுச் சொல்ல யாராலும் முடியாது. கசிவில் ஆஸ்பிரின் எரிகிற வீட்டில் எண்ணெய். விழுங்கத் தெரியாத ஆளுக்கு மாத்திரையும் தண்ணீரும் நேராக நுரையீரலுக்குப் போகும். சோதித்துப் பார்க்கும் வரை வாய் வழியாக ஒன்றுமே கிடையாது. காபியும் கிடையாது, கஷாயமும் கிடையாது, புறா ரத்தமும் கிடையாது. விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் விடுவதும் வீண்.

நிஃபெடிபின் பி.பி.யைத் தலைகுப்புறத் தள்ளும். அடைப்புக்கு அப்பால் இருக்கும் மூளை அந்த உயர்ந்த அழுத்தத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உறைவு கரைக்கும் ஊசி போடப் போகிறோம் என்றால் மட்டும் 185/110-க்குக் கீழே, அதையும் நரம்பு ஊசியால், மானிட்டரில் பார்த்துக்கொண்டே கொண்டுவருவோம். ஊசி போடாத அடைப்பில் 220/120 வரை பொறுக்கலாம். மலையில் நீங்கள் செய்ய வேண்டியது அளந்து எழுதுவது. ஸ்வெட்டர் கையின் மேல் கட்டாமல், இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 20-க்கு மேல் வித்தியாசம், நெஞ்சுவலி, முதுகுவலி என்றால் மகாதமனி கிழிந்திருக்கலாம். அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

#10 நரம்பியல்_கோவை

ஏற்றுவதா இறக்குவதா என்ற மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. கணக்குப் போடுவோம். உறைவு கரைக்கும் ஊசிக்குக் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம். ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 86 கி.மீ., நெரிசல் இல்லாமலே மூன்று மணி நேரத்தை ஒட்டும். விழுந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் கோவையில் சி.டி. முடியும்போது வாசல் மூடிவிடும். ஆகவே மலையிலேயே சி.டி. ஓடி, ஊசி கையிருப்பும் போடும் டாக்டரும் இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு இறக்குவதுதான் சரி. பர்லியார் பக்கம் விழுந்தவரை மேலே ஏற்றுவதில் அர்த்தமில்லை, மேட்டுப்பாளையம் வழி கீழேதான். கொடைக்கானலில் இருந்து மதுரை 120 கி.மீ. அளவில் இருப்பதால் அங்கேயும் இதே கணக்கு. கிளம்பும் முன் போன் போட்டு "சி.டி. இப்போ ஓடுதா, ஊசி இருக்கா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

கரைக்கும் ஊசி இரண்டு. ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90. அறுபது கிலோ ஆளுக்கு 54 மி.கி.; அதில் 5.4-ஐ ஒரு நிமிடத்தில் செலுத்திவிட்டு மீதி 48.6-ஐப் பம்பில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பம்பைக் காப்பாற்றுவது பெரும்பாடு, லைன் கழன்றால் டோஸ் போயிற்று. டெனக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே தள்ளில் முடிகிறது. மலைக்கு ஏற்ற மருந்து அதுதான் என்று சொல்வேன்.

கை விழுந்ததோடு கண் ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ, பேச்சே அற்றுப்போனாலோ, ஒரு பக்கத்தையே கவனிக்காமல் இருந்தாலோ பெரிய குழாய் அடைத்திருக்கும். அவர்களுக்கு உறைவைக் கம்பி வழியாக எடுக்கும் வசதியுள்ள இடம் வேண்டும். தகுந்த படம் இருந்தால் 24 மணி நேரம் வரை அதற்கு வாய்ப்புண்டு என்று 2018-ல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு யாரையும் "லேட் ஆயிருச்சு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்கிறதா என்று காத்திராமல் வண்டியை எடுங்கள்.

தானாகச் சரியாகிப்போன கேஸையும் இறக்குங்கள். பத்து நிமிடம் வாய் குழறிச் சரியானவருக்கு அடுத்த 48 மணி நேரம்தான் அதிக ஆபத்து.

#11 மலைப்பாதை_108

அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி. அதையும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தலூர் ஆட்களுக்கு சுல்தான் பத்தேரி கிட்டத்தில் இருக்கும்போது ஊட்டிக்கு ஏற்ற வேண்டியதில்லை.

#12 தோட்ட_சிஸ்டர்

நன்றி. எல்லாவற்றையும் ஒரு சீட்டுக்குள் அடக்கியிருக்கிறேன், ஸ்வெட்டரில் ஊக்கு போட்டுக் குத்தி அனுப்பும்படி. பெயர், வயது, எடை. கடைசியாக நன்றாக இருந்த நேரம், பார்த்தவர், அவர் செல் எண். சர்க்கரை. இரண்டு கை பி.பி. நாடி ஒரு நிமிடம் எண்ணி, ஒழுங்கா தாறுமாறா. முகம், கை, கால், பேச்சு, கண், உட்காருதல்: எந்தப் பக்கம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசி வேளை எப்போது. மூன்று மாதத்துக்குள் தலைக்காயம், ஆபரேஷன், ஸ்ட்ரோக். நேற்று வரை தானாக நடந்தாரா. சரிதானா டாக்டர்?

#13 அவசரப்பிரிவு_டாக்டர்

மூன்று திருத்தம். நேரத்தோடு தேதியும் எழுதுங்கள்; "11 மணி" என்று மட்டும் இருந்தால் காலையா, முந்தின ராத்திரியா என்று வாசலில் நின்று சண்டை போட வேண்டியிருக்கும். "எந்தப் பக்கம்" என்பதில் நோயாளியின் வலது, நோயாளியின் இடது என்று அச்சிலேயே போட்டுவிடுங்கள், எதிரே நின்று பார்க்கும்போது மாறிவிடுகிறது. மாத்திரைக்குப் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே சீட்டோடு சேர்த்துக் குத்துங்கள். அப்புறம் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் மை மூடுபனியில் கரைந்துவிடும்.